அவசரமில்ல, அப்புறம் வாங்க

வயித்துல இருக்கற புள்ளைக்கு லாக்டவுன்னா என்னன்னு தெரியாது. 2020 மார்ச் 11 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு அறிவிச்சுச்சு, அன்னிலேருந்து 40 வாரத்துக்குள்ள உலகம் முழுக்க சுமார் 11.6 கோடி குழந்தைங்க பிறக்கும்னு யுனிசெஃப் அந்த மே மாசமே கணக்குப் போட்டு சொல்லிடுச்சு. கல்யாணத்த தள்ளி வச்சாங்க, பரீட்சைய தள்ளி வச்சாங்க, ஒலிம்பிக் போட்டியவே ஒரு வருஷம் தள்ளி வச்சாங்க. பிரசவத்த எங்க தள்ளி வைக்கிறது?

அந்த வருஷம் என் தங்கச்சி மாசமா இருந்தா. ஊரே டிவில தினமும் ஏறுற எண்ணிக்கைய பாத்துட்டு இருந்தப்ப எனக்கு அவளோட அடுத்த செக்கப் நடக்குமா நடக்காதாங்கறதுதான் கவலை. ஆனா இது அவ கதைய சொல்ற பதிவு இல்ல, அங்கங்க வருவா அவ்ளோதான். அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள எல்லாம் கிடைச்சப்ப கிடைச்சப்ப படிச்சுட்டே வந்ததுல எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு. தாய் சேய் நலம்னு நாம சொல்ற சேவையில பெரும்பகுதி உடம்பு நல்லா இருக்கறவங்களுக்கானது. நல்லா இருக்கற பொண்ணு பிபி பாக்க வரணும், நல்லா இருக்கற குழந்தை ஊசி போட வரணும், நல்லா இருக்கற புள்ளையோட எடைய மாசாமாசம் எழுதி வைக்கணும். ஒரு தடவ வரலன்னா அன்னிக்கு ராத்திரி யாருக்கும் எதுவும் ஆகாது, யாரும் அழ மாட்டாங்க, எந்த ஆம்புலன்ஸும் ஓடாது. அதனாலதான் நெருக்கடின்னு ஒண்ணு வந்தா முதல்ல கை வைக்கிறது இதுல. "அவசரமில்ல, அப்புறம் வாங்க"ன்னு ரொம்ப மரியாதையாவே சொல்லி அனுப்புவாங்க. சொல்றவங்க கெட்டவங்களும் இல்ல, அவங்களுக்கு எதிர்ல மூச்சு விட முடியாம ஒருத்தர் படுத்திருப்பார்.

இது கொரோனாவுலதான் தெரிய வந்ததுன்னு சொன்னா அது பொய். 2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா வந்தப்பவே தெரிஞ்சுடுச்சு. சியரா லியோன்ல எபோலா நேரடியா கொன்னது 3,956 பேர். அதே 2014, 2015ல கர்ப்ப கால செக்கப், ஆஸ்பத்திரி பிரசவம், பிரசவத்துக்கு அப்புறம் பாக்கறது இதெல்லாம் குறைஞ்சதால கூடுதலா இறந்த தாய்மார், பிறந்த கொஞ்ச நாள்ல இறந்த சிசுக்கள், இறந்தே பிறந்த குழந்தைங்க எல்லாம் சேர்த்து குறைஞ்சது 3,600னு பின்னாடி ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு. குறைச்சுப் போட்ட கணக்கே கிட்டத்தட்ட நோய் கொன்ன அளவுக்கு வந்து நிக்குது. அங்க பெரும்பாலான ஆஸ்பத்திரிங்க திறந்துதான் இருந்தது, ஜனங்கதான் பயந்து போகாம நின்னாங்க, பயந்ததுலயும் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா எபோலா ஆஸ்பத்திரிக்குள்ளயே பரவுச்சு. பக்கத்து நாடான லைபீரியாவுல டாக்டர், நர்ஸ், பிரசவம் பாக்கறவங்கன்னு இருந்த மொத்தப் பேர்ல சுமார் 8 சதவீதம் அந்த நோய்லயே போயிட்டாங்க. நோய் ஒரு நாள் அடங்கிடும், ஆனா ஒரு மிட்வைஃப உருவாக்க எத்தனை வருஷம் ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

இவ்வளவும் எழுத்துல இருந்தும் ஆறே வருஷத்துல அதே கதை, இந்தத் தடவ உலகம் முழுக்க. 2020 மேல ஒரு ஆய்வுக் குழு, 118 நாடுகளுக்கு, இந்தச் சேவைங்க ஆறு மாசம் தடைபட்டா என்னாகும்னு மாதிரிக் கணக்கு ஒண்ணு போட்டுச்சு. சேவைங்க 9.8லேருந்து 18.5 சதவீதம் வரைக்கும் குறையற லேசான நிலைமையிலயே ஆறு மாசத்துல கூடுதலா 2,53,500 குழந்தைங்களும் 12,200 தாய்மாரும் இறப்பாங்கன்னு வந்தது. ரொம்ப மோசமான நிலைமையில 11,57,000 குழந்தைங்க, 56,700 தாய்மார். இது நடந்த கணக்கு இல்ல, நடந்தா என்னாகும்ங்கற கணக்கு, அதையும் இதையும் குழப்பிக்கிட்டு அப்போ நிறைய பேர் ஃபார்வேர்ட் பண்ணாங்க. எனக்கு அந்த மொத்தத் தொகைய விட உள்ள இருந்த ஒரு விவரம்தான் உறைச்சது. கூடுதல் தாய் மரணத்துல சுமார் 60 சதவீதம் பிரசவ நேரத்து நாலே விஷயம் கிடைக்காததால வருதாம்: கர்ப்பப்பை சுருங்கறதுக்கான ஊசி, கிருமிக்கான ஆன்டிபயாடிக், வலிப்புக்கான மருந்து, சுத்தமான இடம். இதுல எதுவுமே புதுசா கண்டுபிடிக்க வேண்டியது இல்ல. வென்டிலேட்டர் எங்க கிடைக்கும்னு நாடு நாடா அலைஞ்சுட்டு இருந்த நேரத்துல, ரொம்ப மலிவான ஒரு ஊசியும் அத போட ஒரு நர்ஸும் இருந்தா தப்பிச்சிருக்கக்கூடிய உயிருங்க இதெல்லாம்.

பிரசவத்துல ஒருத்தி ஏன் சாகறாங்கறதுக்கு 1994லயே தாடியஸ், மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் மூணு தாமதம்னு ஒரு கணக்கு எழுதி வச்சாங்க. போகணும்னு முடிவெடுக்கறதுல தாமதம், போய்ச் சேர்றதுல தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைக்கறதுல தாமதம். பெருந்தொற்று என்ன பண்ணுச்சுன்னா இந்த மூணையும் ஒரே நேரத்துல நீட்டி விட்டுடுச்சு.

முதல் தாமதம் எப்படி இருக்கும்னு எனக்கு தங்கச்சிகிட்டேருந்து போன்லயே தெரிஞ்சுது.

"அக்கா, காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு, செருப்பு நுழைய மாட்டேங்குது."

"மாசமா இருந்தா வீங்கத்தான்டி செய்யும். தலைவலி இருக்கா? கண்ணு மங்கலா தெரியுதா?"

"தலைவலி ரெண்டு நாளா இருக்கு. டாக்டருக்கு போன் பண்ணேன்க்கா, பிபி எவ்ளோன்னு கேக்கறாங்க. செக்கப்புக்கு வரட்டுமான்னா இப்ப அவசரம்னா மட்டும் வாங்கங்கறாங்க. பிபி தெரிஞ்சாதானக்கா அவசரமா இல்லையான்னே தெரியும்?"

அவ கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, யார்கிட்டயும் இருந்திருக்காது. கர்ப்ப காலத்துல பிபி ஏறுறது பெரும்பாலும் 20 வாரத்துக்கு அப்புறம் வரும், வந்தாலும் நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது. கால் வீக்கம் சும்மாவும் வரும், அதனாலயும் வரும். கையில பட்டைய சுத்தி பாத்தா 140க்கு 90ஐ தாண்டியிருக்கா, சிறுநீர்ல புரதம் போகுதா, இந்த ரெண்டையும் பாத்தாதான் தெரியும். விட்டுட்டா வலிப்பு வரைக்கும் போகும், மெக்னீசியம் சல்பேட் ஊசி கையில இல்லாத இடத்துல அது உயிர்ப் பிரச்சனை. போன்ல, வீடியோ கால்ல டாக்டர பாக்கறத பத்தி அந்த வருஷம் என்னமோ பெரிய புரட்சி மாதிரி பேசினாங்க. தோல்ல அரிப்புன்னா சரி, மாத்திரைய தொடரலாமான்னு கேக்கணும்னா சரி. ஆனா வீடியோ கால்ல பிபி பாக்க முடியாது, வயித்த அளக்க முடியாது, குழந்தையோட இதயத்துடிப்ப கேக்க முடியாது, சிறுநீர்ல சோதனைப் பட்டைய முக்கிப் பாக்க முடியாது. மாசமா இருக்கறவங்க வீட்டுக்கு ஒரு பிபி மெஷின குடுத்துட்டு அப்புறம் போன்ல பேசுங்க, அப்ப அது வைத்தியம். அது இல்லாம போன்ல பேசறது வெறும் ஆறுதல்தான். (தங்கச்சி யார்கிட்டயோ மெஷின் இரவல் வாங்கிப் பாத்தா, கொஞ்சம் கூடுதலாத்தான் இருந்தது. அந்த நம்பர சொன்ன உடனே வரச் சொல்லிட்டாங்க, மாத்திரையிலயே கட்டுக்குள்ள வந்துடுச்சு. அந்த மெஷின கடைசி வரைக்கும் அவ திருப்பிக் குடுக்கவே இல்ல.)

ரெண்டாவது தாமதம், போய்ச் சேர்றது. உகாண்டாவுல 2020 மார்ச் கடைசியில தனியார் வண்டிங்க ஓடறதுக்கும் தடை போட்டாங்க, அவசரம்னா மாவட்டத்துல இருக்கற அரசு அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும். வலி வந்த பொண்ணு ராத்திரியில எந்த அதிகாரிய போய் எழுப்புவா? நடந்தே கிளம்பி வழியில இறந்து போன பெண்களப் பத்தி செய்தி வர ஆரம்பிச்சப்புறம்தான், கர்ப்பிணிகளுக்கு அனுமதி தேவையில்லன்னு மாத்தினாங்க. இதுல எனக்கு அந்தத் தடை மேல கூட பெரிய கோவம் இல்ல, பயத்துல போட்டாங்க. அந்த உத்தரவ எழுதின அறையில, ஒரு நாட்டுல தினமும் எத்தனை பிரசவம் நடக்குது, அதுல எத்தனை ராத்திரில நடக்குதுன்னு ஞாபகப்படுத்த ஒரு ஆள் கூட இல்லாம போச்சே, அதுதான் கோவம்.

மூணாவது தாமதம்தான் வெளியில இருக்கறவங்களுக்கு தெரியாது. வாசல்ல போய் இறங்கிட்டா காப்பாத்திட்ட மாதிரின்னு நினைப்போம். அந்த நாட்கள்ல உள்ள போனா முதல்ல டெஸ்ட், ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியா ஒரு அறை, பாசிட்டிவ்னா வேற ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு ஒரு சீட்டு. சிசேரியன்னா மயக்க மருந்து டாக்டர் வேணும், அவர் ஐசியூல வென்டிலேட்டர் பக்கம் நிக்கறார். பாதுகாப்பு உடுப்பு இல்லாம உள்ள போகாதீங்கன்னு சொல்லியிருப்பாங்க, அத மாட்டறதுக்கு நேரம் ஆகும். ரத்ததான முகாம் எல்லாம் நின்னு போயிருக்கும், ரத்த வங்கியில இருப்பு குறைஞ்சிருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்கு ரெண்டு மணி நேரத்துல ஆள முடிச்சுடும், நல்லா இருக்கற பொண்ணையே. அந்த ரெண்டு மணி நேரத்துல ஒரு பாதி, டெஸ்ட் ரிசல்ட்டுக்கு காத்திருக்கறதுல போனா என்ன மிஞ்சும்?

இதெல்லாம் ஊகம் இல்ல, நேபாளத்துல ஒன்பது ஆஸ்பத்திரியில எண்ணிப் பாத்திருக்காங்க. கொரோனாவுக்கு முன்னாடியிலேருந்தே அங்க பிரசவங்கள பதிவு பண்ணிட்டு வந்த ஒரு ஆய்வுக் குழு இருந்ததால, லாக்டவுனுக்கு முன்னாடியும் லாக்டவுன் நடக்கும்போதும் ஒரே அளவுகோல்ல பாக்க முடிஞ்சுது, இது ரொம்ப அபூர்வமா அமையற விஷயம். வாரத்துக்கு சராசரியா 1,261 பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிகள்ல அது 651 ஆயிடுச்சு. பிறக்கறது ஒண்ணும் குறையல, அந்தப் பாதிப் பேர் வேற எங்கயோ பெத்தாங்க. எங்க, யார் கையில, எப்படின்னு அந்தப் பதிவேட்டுல இருக்காது. ஏற்கனவே பின்தங்கியிருந்த சமூகங்கள சேர்ந்த பெண்கள்தான் அதிகமா வராம நின்னு போனாங்க. வந்தவங்கள்ல இறந்தே பிறந்த குழந்தைங்க 1,000க்கு 14லேருந்து 21 ஆச்சு. ஆஸ்பத்திரியிலயே இறந்த சிசுக்கள் 1,000க்கு 13லேருந்து 40. மூணு மடங்கு.

இந்த எண்ண அப்படியே எடுத்துக்கக் கூடாதுதான், சிக்கல் இல்லாதவங்க வீட்லயே இருந்துட்டு சிக்கலானவங்க மட்டும் வந்திருந்தா விகிதம் தானா ஏறும். சரி, அத கழிச்சுட்டே பாருங்க. பிரசவ நேரத்துல குழந்தையோட இதயத்துடிப்ப கவனிக்கறது சுமார் 13 சதவீதம் குறைஞ்சிருக்கு. அது உள்ள வந்தவங்களுக்கே நடந்தது. பிறந்த முதல் மணி நேரத்துல தாய்ப்பால் குடுக்கறதும் கொஞ்சம் குறைஞ்சது. அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு, ஊழியர்கள் கை கழுவறது சுமார் 13 சதவீதம் கூடியிருக்கு, பிறந்த குழந்தைய அம்மாவோட உடம்போட ஒட்ட வைக்கறதும் கூடியிருக்கு. எத்தனை வருஷமா கையக் கழுவுங்க கையக் கழுவுங்கன்னு பயிற்சி குடுத்தும் நடக்காதது, தனக்கும் வந்துடுமோன்னு பயம் வந்தவுடனே நடந்துடுச்சு. சிரிக்கறதா அழறதா தெரியல.

இந்த மாதிரி ஆய்வுங்க 40ஐ சேர்த்து, 17 நாடுகளோட தரவ வச்சு 2021ல ஒரு தொகுப்பு வந்தது. பெருந்தொற்று காலத்துல குழந்தை இறந்து பிறக்கற வாய்ப்பும் தாய் இறக்கற வாய்ப்பும் கூடியிருக்குன்னு அதுல வந்தது, முன்னது சுமார் 28 சதவீதம், பின்னது சுமார் 37. கரு கர்ப்பப்பைக்கு வெளியில தங்கிடுற நிலைமை, அது குழாய் வெடிக்கற அளவுக்குப் போய் ஆபரேஷன்ல முடிஞ்சதும் பல மடங்கு கூடியிருந்தது, அந்தப் பகுதிக்கு கிடைச்ச ஆய்வுங்க சின்னதுன்னாலும் காரணம் புரியுது, சீக்கிரம் வந்திருந்தா மருந்துலயே முடிஞ்சிருக்கும். பணக்கார நாடுகள்ல மட்டும் குறைமாசப் பிரசவம் கொஞ்சம் குறைஞ்சிருந்தது. ஓய்வா வீட்ல இருந்ததாலயான்னு இன்னமும் வாதம் ஓடுது. அந்த ஓய்வு யாருக்கு கிடைச்சுது, யாருக்கு கிடைக்கலங்கறதுல வாதம் ஒண்ணும் இல்ல.

லேபர் வார்டுல துணைக்கு ஆள் விடாத விஷயத்துக்கு வரேன், இத எழுதும்போது இன்னமும் எரிச்சல் வருது. நிறைய நாடுகள்ல கணவனையோ அம்மாவையோ உள்ள விடல. நியூயார்க்ல சில ஆஸ்பத்திரிங்க 2020 மார்ச்ல அப்படித் தடை போட்டு, மாநில அரசே தலையிட்டு ஒருத்தர விட்டே ஆகணும்னு உத்தரவு போட வேண்டியதாச்சு. தங்கச்சி போன ஆஸ்பத்திரியிலயும் யாரையும் விடல. ராத்திரி முழுக்க வலி, போன் சார்ஜ் தீர்ற வரைக்கும் எங்க கூட பேசிட்டு இருந்தா, அப்புறம் எங்களுக்கு ஒண்ணுமே தெரியல. கூட ஆள் இருக்கறது பாசத்துக்காக மட்டும் இல்ல. நர்ஸுக்கு கை போதாத நேரத்துல "ரத்தம் நிறைய போகுது, கொஞ்சம் வந்து பாருங்க"ன்னு கத்தறது அந்தத் துணை ஆள்தான். பிரசவத்துல ஒரு பொண்ணு விரும்புற ஆள் கூட இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு, தொற்று இருந்தாலும்.

அதவிட மோசம், பிறந்த குழந்தைய அம்மாகிட்டேருந்து பிரிச்சு வச்சது. அம்மாவுக்கு பாசிட்டிவ்னா, சில இடத்துல சந்தேகம்னாலே, குழந்தைய தனியா கொண்டு போயிட்டாங்க. அம்மாவும் குழந்தையும் சேர்ந்தே இருக்கலாம், மாஸ்க் போட்டு கையக் கழுவிட்டு தாய்ப்பால் குடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்துலேருந்தே சொல்லிட்டு இருந்தும் பல நாடுகளோட வழிகாட்டுதல்ல பிரிக்கணும்னு இருந்தது. குறைமாசமா, எடை குறைவா பிறந்த குழந்தைய அம்மாவோட நெஞ்சோட தோலோட தோலா வச்சு பாத்துக்கற கங்காரு முறை எல்லாருக்கும் கிடைச்சா 1,25,000 சிசுக்களுக்கு மேல காப்பாத்தலாம், அப்படிச் சேர்த்து வைக்கறதால தொற்று வந்து இறக்கக்கூடியது 2,000க்கும் கம்மின்னு 2021ல ஒரு ஆய்வு கணக்கு காட்டுச்சு. ஒரு பக்கம் 1,25,000, இன்னொரு பக்கம் 2,000. ஆனா தொற்று வந்து ஒரு குழந்தை இறந்தா ஏன் விட்டீங்கன்னு கேள்வி வரும், பிரிச்சு வச்சதால இறந்தா குறைமாசக் குழந்தை, பாவம், தாங்கலன்னு முடிச்சுடுவாங்க. எந்த மரணத்துக்கு பதில் சொல்லணுமோ அத தடுக்கத்தான் நிர்வாகம் ஓடும், பெருந்தொற்று காலத்துல இது இன்னும் அப்பட்டமா தெரியுது.

அடுத்து தடுப்பூசி. 2020 மார்ச்ல, கூட்டம் கூட்டி ஊசி போடுற முகாம்கள தற்காலிகமா நிறுத்தி வைங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுச்சு, போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை முகாம் எல்லாம் நின்னுச்சு. மையத்துல போடுற வழக்கமான ஊசிய நிறுத்தச் சொல்லல. ஆனா நிறுத்துன்னு ஒரு தடவ சொன்னா எது நிக்கணும் எது ஓடணும்ங்கற வித்தியாசம் கீழ போய்ச் சேரும்போது பெரும்பாலும் கரைஞ்சு போயிருக்கும். அந்த வருஷம் 105 நாடுகள கேட்டப்ப, ஊர் ஊரா போய் போடுற தடுப்பூசி தடைபட்டுச்சுன்னு 70 சதவீதம் நாடுகளும், மையத்துல போடுறதும் தடைபட்டுச்சுன்னு 61 சதவீதமும் சொன்னாங்க. ஆப்பிரிக்காவ வச்சு போட்ட ஒரு கணக்குல, ஊசி போட போறதால தொற்று வந்து ஒருத்தர் இறக்கற வாய்ப்பு இருந்தா, அதுக்கு எதிர்ல ஊசி போட்டதால 84 குழந்தைங்க பிழைக்கும்னு வந்தது.

இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு, தங்கச்சி மகளுக்கு ஊசி போட போனப்பதான் நான் நேர்ல பாத்தேன். தட்டம்மை ஊசி மருந்து ஒரு குப்பியில பெரும்பாலும் 10 குழந்தைக்கு இருக்கும், பவுடரா. அதுல திரவத்த கலந்துட்டா 6 மணி நேரம்தான், அதுக்கப்புறம் மிச்சத்த கொட்டிடணும். கூட்டமா வந்த காலத்துல இது பிரச்சனையே இல்ல. பயந்துகிட்டு யாரும் வராத நாள்ல நாங்க மட்டும் போய் நிக்கறோம், நர்ஸம்மா குப்பிய கையில வச்சுகிட்டு "இன்னும் ரெண்டு மூணு புள்ளைங்க சேரட்டும்மா, இல்லன்னா அடுத்த வாரம் வாங்க"ங்கறாங்க. ஒன்பது மருந்த கொட்டினா அவங்கதான் மேல பதில் சொல்லணும். ஒரு குழந்தைக்காகவும் குப்பிய திறங்கன்னுதான் உலக அளவுல ஆலோசனை, ஆனா அந்த ஆலோசனை அவங்க மேஜை வரைக்கும் வரணும், வீணானா பரவாயில்லன்னு மேல இருக்கறவங்க சொல்லணும். நாங்க வாசல்லயே உக்காந்துட்டோம், கொஞ்ச நேரத்துல இன்னொரு அம்மா வந்தாங்க, திறந்துட்டாங்க. திருப்பி அனுப்பப்பட்டவங்க எத்தனை பேர் அடுத்த வாரம் வந்திருப்பாங்கன்னு எனக்கு சந்தேகம்தான். வேலைய விட்டு, வண்டி பிடிச்சு, கைக்குழந்தையோட ஒரு தடவ வந்து போறதே ஒரு நாள் பொழப்பு.

உலகம் முழுக்க இப்படி சேர்ந்தது என்னன்னா, டிப்தீரியா, ரணஜன்னி, கக்குவான் மூணுக்கும் சேர்த்துப் போடுற ஊசிய மூணு டோஸும் போட்டுகிட்ட குழந்தைங்க 2019ல 86 சதவீதம், 2021ல 81. அஞ்சு சதவீதம்தானேன்னு தோணும். 2021ல மட்டும் 2.5 கோடி குழந்தைங்களுக்கு ஒரு டோஸாவது விட்டுப் போச்சு, அதுல 1.8 கோடிக்கு முதல் டோஸே இல்ல. சுமார் 30 வருஷத்துல இப்படி ஒரு தொடர் சரிவ பாத்ததில்லன்னாங்க. தட்டம்மையில இன்னொரு கண்கட்டு வித்தையும் நடந்தது. எல்லாரும் வீட்ல இருந்ததால 2020, 2021ல அது பரவவே இல்லாத மாதிரி இருந்தது, பாத்தீங்களா ஊசி போடாமயும் ஒண்ணும் ஆகலன்னு பேசினவங்க உண்டு. ஒருத்தர்கிட்டேருந்து 12லேருந்து 18 பேருக்கு பரவக்கூடிய நோய் அது, ஊரு திறக்கறதுக்காக காத்திருந்தது. 2022ல மதிப்பிட்ட நோயாளிங்க சுமார் 90 லட்சம், இறந்தவங்க 1,36,000, பெரும்பாலும் குழந்தைங்க, முந்தின வருஷத்த விட இறப்பு 43 சதவீதம் கூட. இந்தச் சாவெல்லாம் எந்தப் பெருந்தொற்றுப் பட்டியல்லயும் வராது, தட்டம்மைன்னு தனியாத்தான் எழுதுவாங்க.

கருத்தடைய பத்தியும் ஒரு வார்த்தை. 115 நாடுகள்ல சுமார் 1.2 கோடி பெண்களுக்கு கருத்தடைச் சாதனமோ மாத்திரையோ கிடைக்காம போய், 14 லட்சம் வேண்டாத கர்ப்பம் உருவாச்சுன்னு ஐநா மக்கள்தொகை நிதியம் 2021ல மதிப்பிட்டுச்சு. எபோலா நேரத்துல பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தப்ப கர்ப்பமான சின்னப் பொண்ணுங்கள, பள்ளி திறந்தப்ப உள்ள வரக்கூடாதுன்னு 2015ல சியரா லியோன் அரசு தடையே போட்டுச்சு. அது நீங்கறதுக்கு 2020 மார்ச் ஆச்சு. நோய் வந்தது ஊருக்கு, தண்டனை அந்தப் பொண்ணுங்களுக்கு.

எல்லாமே கெட்டதா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். எனக்கு பிடிச்ச ஒண்ணு அந்த மூணு கலர் டேப். ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்கற குழந்தையோட மேல்கையச் சுத்தி அளக்கற பட்டை, 11.5 சென்டிமீட்டருக்கு கீழன்னா சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, உடனே வைத்தியம் வேணும். அத வழக்கமா ஊழியர்தான் அளப்பாங்க. அவங்க வீடு வீடா போக முடியாம போனதும் பல நாடுகள்ல அந்த டேப்ப அம்மாக்கள் கையிலயே குடுத்துட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் கலர பாத்து தெரிஞ்சுக்கலாம். இது முன்னாடியே சின்ன அளவுல நடந்துட்டு இருந்ததுதான், ஆனா அம்மாக்களுக்கு அளக்க வருமாங்கற சந்தேகம் பெரிய அதிகாரிங்களுக்கு இருந்துட்டே இருந்தது. வேற வழியில்லாம நம்பினாங்க. அதே மாதிரி மாத்திரைய மாசத்துக்கு ஒரு தடவ குடுக்காம ரெண்டு மூணு மாசத்துக்கு சேர்த்து குடுத்தது, நேரம் குறிச்சு குடுத்து கூட்டத்த குறைச்சது, செக்கப்பையும் தடுப்பூசியையும் ஒரே நாள்ல முடிச்சு விட்டது, இதெல்லாம் தொற்று இல்லாத காலத்துலயும் பண்ணியிருக்கலாமே, அப்ப ஏன் பண்ணலன்னு யாரும் கேக்கல.

கொரோனாவுக்கு தடுப்பூசி வந்தப்பவும் மாசமா இருக்கறவங்கதான் வரிசையில கடைசி. ஆரம்ப சோதனைகள்ல அவங்கள சேர்க்கவே இல்ல, பாதுகாப்புக்காகன்னாங்க. சேர்க்காததால தரவு இல்ல, தரவு இல்லாததால போடலாமா வேண்டாமான்னு நாட்டுக்கு நாடு, டாக்டருக்கு டாக்டர் ஒண்ணு சொன்னாங்க. தொற்று வந்தா மாசமா இருக்கறவங்களுக்கு தீவிரமாகற ஆபத்து மத்தவங்கள விட கூடன்னு தெரிஞ்சே இந்தக் குழப்பம். 2021 எப்படி முடிஞ்சுதுன்னு 2025ல வந்த ஐநா மதிப்பீட்டுல இருக்கு: 2020ல கர்ப்பம், பிரசவம் சம்பந்தமா இறந்தவங்க 2,82,000, 2021ல 3,22,000. ஒரே வருஷத்துல 40,000 பேர் கூட. தொற்றே கொன்னது கொஞ்சம், வழி மறிச்சது கொஞ்சம், எது எவ்வளவுன்னு பிரிக்கறது கஷ்டம்.

இப்ப மிச்சம் இருக்கற வேலை அந்த வருஷங்கள்ல ஊசி விட்டுப் போன குழந்தைங்க. அவங்கள தேடிப் பிடிச்சு போடறதுக்குன்னு 2023 ஏப்ரல்ல உலக அளவுல பெரிய முயற்சி ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம். சிக்கல் என்னன்னா பல இடத்துல வழக்கமான தடுப்பூசித் திட்டம் கைக்குழந்தைங்கள கணக்குல வச்சு ஓடறது, மருந்து வர்றதும் அந்த எண்ணிக்கைக்குத்தான், பதிவேடும் அதுக்குத்தான். 2020ல விட்டுப் போன குழந்தை 2023ல ஓடியாடுற மூணு வயசுப் புள்ள, அது எந்தப் பதிவேட்டுலயும் காத்திருக்காது. அதனால 2019லேருந்து 2022க்குள்ள பிறந்த குழந்தை உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இருந்தா தடுப்பூசி அட்டைய ஒரு தடவ எடுத்துப் பாருங்க, தேதி எழுதாம காலியா இருக்கற கட்டத்த, முக்கியமா தட்டம்மை ரெண்டாவது டோஸ பாருங்க. வயசு தாண்டிடுச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, பெரும்பாலான ஊசிய முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட டோஸ மட்டும் போட்டா போதும். எதுக்கு வயசு வரம்பு இருக்கு, எதுக்கு இல்லன்னு அட்டையோட போய் கேட்டா அங்கயே சொல்லுவாங்க. தங்கச்சி மக அட்டையில ஒண்ணு விட்டுத்தான் இருந்தது, போன மாசம் போட்டுட்டு வந்தோம்.